பயக் கிஸ்த்

பாலக்கோடு கடைத்தெருவில் புளி மண்டி வைத்திருந்த அப்துல் ஷுக்கூரின் மனைவி ஹமீதுன்னிசாவைப் போலக் கவலைப்பட இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும். மேகம் கறுத்தால் மண்டியில் புளி நனைந்துவிடுமே என்று கவலை. வெயில் அடித்தால் புளி காய்ந்து எடை குறையுமே என்று கவலை. சேலத்தில் படித்த மகன் சலாவுதீன் நாலு மணி பஸ்ஸில் வருகிறான் என்றால், மூன்று மணிக்கே அந்த பஸ் தொப்பூர் கணவாயில் உருண்டுவிட்டது என்று முடிவு கட்டி மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அவன் முழுசாக வந்து வாசலில் நின்றால், அழுததெல்லாம் வீணாய்ப் போன ஆத்திரத்தில் அவனையே ஏசுவாள்.

சத்ரஞ்ச் என்கிற சதுரங்க ஆட்டத்தில் அவளைப் பெரிய கையாக ஆக்கியதும் இந்தக் கவலைதான். எதிராளி ஒரு காயை நகர்த்தினால் அதனால் வரக்கூடிய ஆறு கெடுதிகள் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். அரூரில் பிறந்த வீட்டில் நாலு அண்ணன்கள். ஆட ஆள் கிடைக்காத அண்ணன் தங்கையைப் பிடித்து உட்கார வைப்பான். அப்படி உட்கார்ந்தவள் ஒரு வருஷத்தில் நாலு பேரையும் தோற்கடித்தாள். பிறகு அவர்கள் அவளைக் கூப்பிடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் கல்யாணமாகி வந்தபோது, கறுப்பு நூலால் கட்டம் தைத்த ஒரு சிவப்புத் துணியும் மரக்காய்கள் போட்ட சுருக்குப் பையும் அவளோடு வந்தன. "இதென்ன, தலகாணி உறையா?" என்று கேட்ட ஷுக்கூர் அன்றைக்கே ஒரு ஆட்டம் தோற்றார். மறுநாள் இரண்டு தோற்றார். மூன்றாம் நாள் தலைவலி என்று சொல்லி மண்டியை மூன்று மணிக்கே பூட்டிவிட்டு வந்து துணியை விரித்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு வளர்ந்ததே அந்தத் துணியின் மேல்தான்.

அவர்கள் ஆடியது பழைய ஆட்டம். அதில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை அவர் குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் எதிராளி ஒரு தடவைகூட அவருக்குக் 'கிஸ்த்' சொல்லியிருக்கக் கூடாது. கிஸ்த் என்றால், உன் ராஜா என் காயின் வாயில் நிற்கிறார், காப்பாற்றிக்கொள் என்று மிரட்டுவது. ஒரு கிஸ்த் விழுந்துவிட்டால் அந்தத் தாவல் போயே போச்சு. அப்புறம் ராஜா கட்டம் கட்டமாக நடந்துதான் தப்பிக்க வேண்டும்.

ஹமீதுன்னிசாவால் அந்தத் தாவலைச் சகிக்க முடியாது. எப்போது தாவுவாரோ, எங்கே போய் விழுவாரோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் ஆட்டம் தொடங்கி நாலாவது ஐந்தாவது நகர்த்தலிலேயே, குறுக்கே பாய்கிற ஒட்டகத்தை ஓடவிட்டு வெறுமனே ஒரு கிஸ்த் சொல்லிவிடுவாள். பல சமயம் ஷுக்கூரின் சிப்பாய் அந்த ஒட்டகத்தை அலுங்காமல் வெட்டி எடுத்துவிடும். போனால் போகட்டும், தாவல் ஒழிந்ததே என்று அவளுக்கு மூச்சு சீராகும்.

"போட்டுட்டியா பயக் கிஸ்த்து?" என்று ஷுக்கூர் சிரிப்பார். "ஒரு நாளாச்சும் அந்த ஒட்டகத்த வூட்டோட கெடக்க வுடேன்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க. நான் போடுவேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் தபால்காரர் பச்சியப்பன் வந்துவிடுவார். வாரம் முழுக்க ஊருக்கெல்லாம் கடிதாசி கொடுத்த மனுஷன், ஞாயிறு மதியம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னறைப் பாயில் சம்மணம் போடுவார். காயைத் தொட்டுவிட்டு, "தொடல, தூசி தட்டினேன்" என்பார். ஷுக்கூர் விட மாட்டார். "தங்கச்சி, நீயே சொல்லு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார் பச்சியப்பன். ஹமீதுன்னிசா கரண்டியோடு வந்து நின்று, இரண்டு பேருமே பார்க்காத ஒரு நகர்த்தலைச் சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறதே என்று ஓடுவாள். அறுபதுகள் முழுக்க அவர்களுக்கு ஞாயிறு என்றால் இதுதான்.

அறுபத்தொன்பதில் சலாவுதீன் சேலத்திலிருந்து ஒரு புத்தகத்தோடும் கட்டம் போட்ட அட்டையோடும் பிளாஸ்டிக் காய்களோடும் வந்தான். காலேஜில் செஸ் ஆடுகிறானாம். அம்மாவும் அத்தாவும் ஆடுவதைப் பார்த்து அவனுக்கு ஒரே வெட்கம். "ராஜா தாவுறதெல்லாம் எங்கயும் கெடையாதுங்கத்தா. உலகத்துல யாரும் இப்படி ஆடறதில்ல." மகன் முகம் வாடப் பொறுக்காத ஷுக்கூர் அப்போதே மனைவியோடு ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்தார். அட்டையை விரித்தால் புத்தக ஆட்டம், துணியை விரித்தால் நம்ம ஆட்டம். மகன் இருக்கிற வரைக்கும் அட்டைதான் விரியும். அவன் ஏறின பஸ் மறைந்ததும் துணி வெளியே வரும். துணி ஆட்டம் இன்னும் நடக்கிற விஷயம் மகனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் இதைத் திருட்டுச் சினிமா பார்க்கிற பிள்ளைகள் மாதிரி ஒளித்து வைத்திருந்தார்கள்.

எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஷுக்கூர் அப்படியே மடிந்து விழுந்தார். வலது கை போயிற்று. வலது கால் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய், தராசில் மூட்டை ஏற்றச் சொல்கிற "போடு" என்ற ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமானாலும் "போடு." ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் "போடு."

ஆயுசு முழுக்க வராததற்கெல்லாம் கவலைப்பட்டவளுக்கு, வந்த ஒன்று மட்டும் முன்கூட்டித் தெரியவில்லை. அதை நினைத்து நினைத்து அவள் குமைந்தாள்.

தர்மபுரியில் பார்த்த டாக்டர் விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார், சுத்தியலால் முட்டியைத் தட்டினார். "வாயும் கையும் போனது எனக்குத் தெரியுது. உள்ள புத்தி எவ்வளவு நிக்குதுன்னு கூட இருக்கறவங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார்.

அதைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. "நான் யாருன்னு தெரியுதுங்களா?" என்று கேட்டாள். தலையாட்டினார். அவளுக்கு உயிர் வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. "நான் பச்சியப்பனா?" என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினார். புளி மண்டிக்காரர் வீட்டில்தான் புளிக்குப் பஞ்சமில்லையே, அது மொத்தமும் அன்றைக்கு அவள் வயிற்றில் கரைந்தது.

மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் சோற்றுத் தட்டை இடது கையால் வீசி எறிந்தார். இன்னொரு நாள் ஆள் அசந்த நேரம் காலை இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரன் பிரேக் போட்டதால் தப்பினார். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சலாவுதீன் லீவு போட்டு ஓடி வந்தான்.

அவன் நல்ல பிள்ளை, அதில் சந்தேகமில்லை. அத்தாவின் நகத்தை வெட்டிவிட்டான், முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும், ஆட்டம் ஆடினால் அத்தாவுக்குத் தெம்பு வரும் என்று நினைத்து, அலமாரியில் கைக்குக் கிடைத்த சிவப்புத் துணியை விரித்துக் காய்களை அடுக்கினான். ஹமீதுன்னிசா அப்போது பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

அரை மணி கழித்து அவன் கண் கலங்கி வந்து நின்றான்.

"அம்மா, அத்தாவுக்கு ஆட்டமே மறந்துபோச்சும்மா. ஆறு வருசமா எங்கூடப் புத்தக ஆட்டம் ஆடினவரு, இப்ப ராஜாவத் தூக்கிக் குதிரையாட்டம் வெக்கறாரு. நான் எடுத்துப் பழைய எடத்துல வெச்சா, மறுபடியும் அங்கயே வெக்கறாரு. மூணாந்தரம் காயெல்லாம் வாரி எறிஞ்சுட்டாரு." அவன் மூக்கை உறிஞ்சினான். "பெங்களூர்ல இந்த மாதிரி ஆளுங்கள வெச்சுப் பாக்கற ஆஸ்பத்திரி இருக்குதும்மா. சேத்துரலாம். இங்க வெச்சிருந்தா ஒரு நாள் லாரில அடிபட்டுருவாரு. திங்கக்கிழம காலையில டாக்ஸிக்குச் சொல்லியிருக்கேன்."

ஹமீதுன்னிசா ஈரத்துணியைப் பிழியாமலே வாளியில் போட்டாள். பேச்சில்லாத மனுஷனை ஒரு கட்டிலில் விட்டுவிட்டு வந்தால், எனக்குப் புத்தி இருக்கிறது என்று யாரிடம் எப்படிச் சொல்வார்? 'போடு போடு' என்று கத்தினால் ஊசியைத்தான் போடுவார்கள்.

"எத விரிச்சே? அட்டையா, துணியா?"

"துணிதான். எதா இருந்தா என்னம்மா?"

"அவரு தாவறதுக்கு முன்னால நீ கிஸ்த்து சொன்னியா?"

"செக்கா? எனக்கு ஞாபகம் இல்லம்மா. அழுக வந்துருச்சு எனக்கு. அதையா பாத்துட்டு இருப்பேன்?"

அவ்வளவுதான். சொல்லவில்லை என்றால் அவர் ஆடியது சரியான ஆட்டம். சொல்லியிருந்தால் புத்தி தப்பிய ஆட்டம். அதைப் பார்த்திருந்த ஒரே ஆளுக்கு ஞாபகம் இல்லை. வெள்ளி இரவும் சனிக்கிழமை முழுதும் அவள் இதையே போட்டு உழப்பிக்கொண்டிருந்தாள். தாவினார் என்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்றே பிடிபடவில்லை. கடைசியில் ஞாயிறு மதிய லுஹர் தொழுதுவிட்டு, பாயை விரித்து, புருஷனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். துணியைப் போட்டாள். பச்சியப்பனுக்கும் ஆள் அனுப்பியிருந்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்து உட்கார்ந்தார்.

"சலாவுதீன், நீயும் இங்க ஒக்காந்து பாரு" என்றாள்.

முதல் ஆட்டம். அவள் நாலாவது நகர்த்தலுக்கு வந்தாள். ஒட்டகத்துக்கு வழி திறந்து கிடந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் கை தானாக அதன் பக்கம் போயிற்று. அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த கையால் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கிஸ்த் சொல்லாமல் விட்ட முதல் ஆட்டம் இதுதான். ஷுக்கூர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கோணிய வாய், ஒரு பக்கம் தொங்கிய கன்னம். அந்தப் பார்வையில் என்ன இருந்ததென்று அவளால் சொல்ல முடியவில்லை.

இன்னும் ஆறு நகர்த்தல் போயிற்று. அவர் இடது கையால் ராஜாவைப் பிடித்து, நடுவிலிருந்து தூக்கி, சிப்பாய்களுக்குப் பின்னால் ஒரு பத்திரமான மூலையில் வைத்தார். குதிரைத் தாவல்.

"பாத்தீங்களாம்மா? இதேதான் அன்னிக்கும்" என்றான் சலாவுதீன்.

"இதுல தப்பில்லடா. எங்க ஆட்டத்துல இது இன்னும் உண்டு. நான் கிஸ்த்து சொல்லல, அதனால தாவினாரு." ஒளித்து வைத்திருந்த துணி ஆட்டத்தை அவள் மடமடவென்று மகனிடம் ஒப்புக்கொண்டாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சரிம்மா. இவரு கூட ஆடி ஞாயித்துக்கிழம தவறாம தாவின கை. பழக்கத்துல தாவுது. நாளைக்குக் கிஸ்த்து சொன்னாலும் தாவும். பழக்கம் வேற, புத்தி வேறம்மா."

பாழாய்ப் போன காலேஜ் படிப்பு. அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது, அதனால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. பச்சியப்பனைப் பார்த்தாள். அவர் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம் போடு தங்கச்சி" என்றார்.

இரண்டாம் ஆட்டத்தில் அவள் ஒட்டகத்தை அடக்கவில்லை. நாலாவது நகர்த்தலில் ஓடவிட்டாள். "கிஸ்த்." அவருடைய சிப்பாய் வந்து ஒட்டகத்தை வெட்டியது. அவர் அதை எடுத்துத் துணிக்கு வெளியே, தன் முட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தாவல் ஒழிந்தது. ஒழிந்தது அவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

அவர் நன்றாகவே ஆடினார். மெதுவாக, ஆனால் நன்றாக. அவளுடைய ஆனை ஒன்றை எடுத்துக்கொண்டார். அதுவும் பழக்கமா என்று அவள் மகனைக் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அவள் கண்ணுக்கு ஒரு வழி தெரிந்தது. மிச்சமிருந்த ஆனையைக் கோடிக்கு ஏற்றிக் கிஸ்த் சொன்னால், ராஜாவுக்கு நடந்து போக ஒரு கட்டம் இல்லை. எல்லாம் அடைபட்டிருந்தது, ஆனையை வெட்டவோ மறிக்கவோ காயும் இல்லை. குதிரை போலத் தாவினால் மட்டும் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. தாவினால் பிழைக்கலாம். ஆனால் தாவக் கூடாது.

ஆனையைத் தொட்ட கை அப்படியே நின்றது. இதைப் போடாமல் விட்டுவிட்டால் என்ன? வேறு ஏதாவது நகர்த்தலாம். ஆட்டத்தைச் சமனாக முடிக்கலாம். அவர் தாவினாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாமலே போகும். தெரியாமல் இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒரு நம்பிக்கையாவது மிஞ்சும். போட்டு, அவர் தாவிவிட்டால்? அப்புறம் டாக்ஸியில் அவளே அவருடைய துணிமணிகளை எடுத்து வைக்க வேண்டும். யா அல்லா, இந்த ஆட்டத்தை எனக்கு ஏன் கற்றுக்கொடுத்தார்கள் என்று அண்ணன்மார் நாலு பேரையும் மனசுக்குள் திட்டினாள்.

"போடு" என்றார் ஷுக்கூர்.

எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே 'போடு'தான். அவள் ஆனையைக் கோடிக்குத் தள்ளினாள். "கிஸ்த்" என்றாள்.

ஷுக்கூர் கட்டங்களைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ராஜாவைப் பிடித்துத் தூக்கினார். கை காற்றில் நகர்ந்து அந்தக் காலிக் கட்டத்துக்கு நேர் மேலே போய் நின்றது. சலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டான். ஹமீதுன்னிசா கண்ணை இறுக மூடினாள்.

காய் வைக்கிற சத்தம் கேட்கவில்லை. வெளியே யாரோ மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள்.

"தங்கச்சி" என்றார் பச்சியப்பன். "கண்ணத் தொற."

ராஜா பழைய கட்டத்திலேயே இருந்தார். நிற்கவில்லை, படுக்க வைக்கப்பட்டிருந்தார். தோற்றேன் என்று ஷுக்கூர் சொல்கிற விதம் அது. பிறகு அவர் முட்டிக்குப் பக்கத்திலிருந்து அந்த வெட்டுப்பட்ட ஒட்டகத்தை எடுத்தார். அவள் முகத்துக்கு நேராக நீட்டி ஆட்டினார். இதனாலதானே, இதப் போட்டதனாலதானே என்று ஆட்டினார். நல்ல பக்கத்து வாய் மேலே ஏறியது. மூன்று மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

"பயக் கிஸ்த்துன்னு சொல்றாருடா!" என்று பச்சியப்பன் தொடையில் அடித்துக்கொண்டார். "கைக்கு எட்டின கட்டத்த வுட்டுட்டுத் தோத்துட்டாருடா உங்கத்தா! நானா இருந்தா தாவியிருப்பேன்!"

சலாவுதீன் அந்த ஒட்டகத்தையும் காலிக் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் நகர்ந்து வந்து அத்தாவின் செயலற்ற வலது கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். ஷுக்கூர் அவன் தலையில் இடது கையால் ஒரு குட்டு வைத்தார். கொஞ்சம் பலமான குட்டுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன், டாக்ஸிக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லச் செருப்பை மாட்டினான்.

ஹமீதுன்னிசா அழவில்லை. அழத் தெம்பில்லை. ஜெயித்த ஆட்டத்தைக் கலைக்கக்கூட மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் உள்ளே முழுசாக இருந்துகொண்டு, நான் பச்சியப்பனா என்று அவள் கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாரே. தலையை ஒரே விதமாகத்தான் ஆட்ட முடிந்ததோ என்னவோ.

ஷுக்கூர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஒற்றைக் கையால் காய்களை மறுபடியும் அடுக்கத் தொடங்கியிருந்தார். தன் பக்கத்தை அடுக்கி முடித்து, அவள் பக்கத்தையும் அவரே அடுக்கினார். கடைசியாக அவளுடைய ஒட்டகத்தை அதன் வீட்டில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. ஒட்டகத்தின் தலையில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"போடு" என்றார்.

அவள் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். அவர் கையை எடுக்கிற மாதிரித் தெரியவில்லை. அந்த ஒட்டகம் இல்லாமல் இனி எப்படி ஆடுவது என்று அவளுக்கு அப்போதே கவலை பிடித்துக்கொண்டது.